புறப்படும்போது லாரி உதறுகிறதா? சென்டர் பேரிங் ரப்பரைச் சோதித்து மாற்றும் வழிமுறை

கியர்பாக்ஸுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவே தூரம் அதிகமுள்ள லாரிகளில், கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் ஒரே குழாயாக வருவதில்லை. நீளமான குழாய் ஒரு வேகத்தைத் தாண்டினால் சுழற்றிவிட்ட கயிறு போல நடுவில் வில்லாக வளைந்து ஆடத் தொடங்கும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த ஆபத்தான வேகம் நான்கில் ஒரு பங்காக இறங்கிவிடும். அதனால்தான் ஷாஃப்டை இரண்டாகப் பிரித்து, முன் துண்டின் வால் பக்கத்தை சேசிஸின் குறுக்குச் சட்டத்தில் தாங்க வைக்கிறார்கள். அந்தத் தாங்கிதான் சென்டர் பேரிங்.

உள்ளே ஒரு பால் பேரிங், அதைச் சுற்றி ரப்பர் வளையம், அதற்கு வெளியே இரும்பு பிராக்கெட், இருபுறமும் சேறும் தண்ணீரும் நுழையாமல் காக்கும் தகட்டு வளையங்கள். அவ்வளவுதான் அமைப்பு. ஷாஃப்டின் எடையைத் தாங்குவது, அதிர்வை சேசிஸுக்குப் போகவிடாமல் உறிஞ்சுவது, சேசிஸ் முறுக்கும்போது சற்று விட்டுக்கொடுப்பது ஆகிய மூன்றும் ரப்பரின் வேலை.

ரப்பர் தானாகச் சாவது குறைவு, பெரும்பாலும் வேறொரு பாகம் அதைக் கொல்கிறது. கழற்றிய ரப்பர் எந்தத் திசையில் கிழிந்திருக்கிறது என்று பார்த்தாலே குற்றவாளி யார் என்பது முக்கால்வாசி தெரிந்துவிடும். பார்க்காமல் தூக்கி எறிந்துவிட்டுப் புதியதைப் போட்டால், அதே வேலைக்காகச் சீக்கிரமே மறுபடி லாரிக்குக் கீழே படுக்க வேண்டியிருக்கும்.

கீழே போவதற்கு முன்

சமதளமான, இறுகிய தரை. முன் சக்கரம், பின் சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை. இதை வழக்கமான எச்சரிக்கையாக எண்ணித் தாண்டிப் போகாதீர்கள். ஷாஃப்டைக் கழற்றிய நிமிடமே, லாரியை கியரில் விட்டிருப்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் டிரம் கியர்பாக்ஸின் வால் பக்கத்திலேயே இருக்கும். அவற்றில் ஷாஃப்ட் இறங்கினால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். கட்டை மட்டுமே வண்டியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

ஷாஃப்டைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டுமானால் இயக்கும் ஆக்சிலின் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் கீழே போகக் கூடாது. இன்ஜினை ஓடவிட்டு, சுழலும் ஷாஃப்டுக்கு அருகே தலையை வைத்துக் கேட்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கிழிந்த ரப்பரில் ஆடும் ஷாஃப்டுக்குக் கீழே அதைச் செய்வது பைத்தியக்காரத்தனம்.

அறிகுறி 1: சுமையோடு எடுக்கும்போது உதறல், வேகம் பிடித்ததும் நின்றுவிடுகிறது

சென்டர் பேரிங் ரப்பருக்கே உரிய அறிகுறி இது. முதல், இரண்டாவது கியரில் கேபின் தரையும் சீட்டும் கடகடவென்று குலுங்கும்; மணிக்கு 30, 40 கி.மீ. தாண்டினால் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும்.

ஏன் அப்படி? ஷாஃப்ட் முனைகளை வளைந்துகொடுக்கும்படி இணைக்கும் யுனிவர்சல் ஜாயிண்ட் ஒரு கோணத்தில் நின்று முறுக்குவிசையைக் கடத்தும்போது ஷாஃப்டைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஒன்று பிறக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அது வந்து போகும். முறுக்குவிசை கூடினாலும் கோணம் கூடினாலும் அந்தத் தள்ளல் கூடும். முதல் கியரில் ஷாஃப்டுக்கு வரும் முறுக்குவிசை உச்சத்தில் இருப்பதால் அடியும் அப்போதுதான் பலம். நல்ல ரப்பர் அதை விழுங்கிவிடும். தொய்ந்த ரப்பரில் பேரிங் மேலும் கீழும் குதிக்கும்.

கணக்காகப் பார்ப்போம். டயர் ஒரு சுற்றில் 3.2 மீட்டர் உருளுகிறது, ஆக்சில் விகிதம் 6 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 104 சுற்று, ஷாஃப்ட் ஏறக்குறைய 625 சுற்று. நொடிக்குப் பத்துச் சுற்றுக்குச் சற்று மேல். சுற்றுக்கு இரண்டு அடி என்றால் நொடிக்கு 21 அடி. கேபினில் உட்கார்ந்திருப்பவரின் எலும்பில் உறைக்கிற அதிர்வு இது.

கிளட்ச் உதறலோடு இதைக் குழப்பிக்கொண்டு நல்ல கிளட்ச் தட்டைக் கழற்றிப் போடுபவர்கள் உண்டு. பிரித்துப் பார்ப்பது சுலபம். கிளட்ச் உதறல், பெடலைப் பாதி விட்ட நிலையில், தட்டு வழுக்கிக்கொண்டிருக்கும் வரையில்தான் வரும். பெடலை முழுதும் விட்டதும் நின்றுவிடும். ஷாஃப்ட் உதறல் பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும், ஆக்சிலரேட்டரை மிதித்துக்கொண்டிருக்கும் வரை தொடரும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தினால் சட்டென்று குறையும். அதே இடத்தில் மெதுவாக, குறைந்த மிதிப்பில் எடுத்துப் பாருங்கள். உதறல் பாதியானால் ஷாஃப்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

அறிகுறி 2: கியர் மாற்றும்போதும் மிதிப்பை விட்டுப் பிடிக்கும்போதும் ‘டக்’ சத்தம்

இதற்கு ரப்பரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. யுனிவர்சல் ஜாயிண்டின் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸ் தேய்ந்திருக்கலாம், ஷாஃப்ட் நீண்டு சுருங்க இடம் தரும் ஸ்லிப் ஜாயிண்டின் பல்லில் ஆட்டம் இருக்கலாம், பின் ஷாஃப்டை முன் ஷாஃப்டோடு இணைக்கும் தட்டான சென்டர் ஃபிளாஞ்சைப் பிடிக்கும் பெரிய நட் தளர்ந்திருக்கலாம், டிஃபரன்ஷியலில் கிரவுன், பினியன் என்ற இரு பற்சக்கரங்களின் இடைவெளி கூடியிருக்கலாம்.

வரிசையாகப் போங்கள். முதலில் ஒவ்வொரு கிராஸையும் லீவர் கொடுத்து மேலும் கீழும் நெம்புங்கள். நுண் அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜில் 0.15 மி.மீ.க்கு மேல் ஆட்டம் காட்டினால் கிராஸை மாற்றுவதுதான் சரி. கேஜ் இல்லையா? கண்ணுக்கே அசைவு தெரிந்தால் அது எல்லையை எப்போதோ தாண்டிவிட்டது. கிராஸின் முனையை மூடும் கப்பின் ஓரத்தில் துருவின் சிவப்புப் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் இல்லாமல் ஊசிகள் (ஊசி போன்ற சிறு உருளைகள்) அரைபடுகின்றன என்று பொருள். பிறகு ஸ்லிப் ஜாயிண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். 0.18 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. பிறகு சென்டர் ஃபிளாஞ்சைப் பிடித்து, ஷாஃப்டை அசைக்காமல், ஃபிளாஞ்ச் மட்டும் திரும்புகிறதா பாருங்கள். துளி அசைந்தாலும் நட்டும் அதன் பற்களும் சந்தேகத்துக்கு உரியவை.

இவை எல்லாம் இறுக்கமாக இருந்து, சென்டர் பேரிங் அருகே லீவர் கொடுத்து ஷாஃப்டைத் தூக்கும்போது இரும்பு இரும்பில் முட்டும் சத்தம் கேட்டால், ரப்பர் முழுதும் கிழிந்து பேரிங் பிராக்கெட்டிலேயே மோதுகிறது.

அறிகுறி 3: ஓட ஓடக் கூடும் உறுமல் அல்லது ஊளை

ரப்பர் நன்றாக இருந்து பேரிங் மட்டும் போயிருந்தால் இப்படிக் கேட்கும். அடையாளம்: சத்தம் கியரைப் பொறுத்து மாறாது, சாலை வேகத்தைப் பொறுத்தே மாறும். வண்டி காலியாக, சாலை சமமாக, பின்னால் யாரும் வராத இடத்தில் சில நொடி நியூட்ரலில் விட்டுப் பார்த்தால் சத்தம் அப்படியே தொடரும். இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

மிதிக்கும்போது ஒரு சுரமும் விடும்போது வேறு சுரமும் வந்தால் டிஃபரன்ஷியலைப் பாருங்கள். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால் சக்கர பேரிங். சென்டர் பேரிங் இரண்டுக்கும் அசைந்துகொடுக்காது.

உறுதிசெய்ய, ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்கிவைத்து ஒருவர் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுழற்ற, மற்றவர் நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை பிராக்கெட்டில் ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கலாம். நல்ல பேரிங் சத்தமே தராது. மணல் அரைபடுவது போலவோ, ஒரு சுற்றில் ஒரே இடத்தில் தட்டுவது போலவோ கேட்டால் தீர்ந்தது.

அறிகுறி 4: குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு

இந்த அறிகுறிக்கு சென்டர் பேரிங்கை மாற்றிக் காசைக் கரைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வேகம் கூடக் கூட அதிர்வும் கூடினால், அல்லது மணிக்கு 60 முதல் 70 வரை மட்டும் வந்து போனால், ஷாஃப்டின் பேலன்ஸ்தான் முதல் சந்தேகம். மேலே சொன்ன அதே கணக்கில் மணிக்கு 60 கி.மீ.யில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,875 சுற்று ஓடுகிறது, அதாவது நொடிக்கு 31. அந்த வேகத்தில் குழாயின் ஒரு பக்கம் காய்ந்து ஒட்டிய சேறுகூட அதிர்வைக் கிளப்பும். எனவே முதல் வேலை, குழாயைச் சுரண்டிக் கழுவுவது. பிறகு பேலன்ஸுக்காக ஒட்டவைத்த சிறு இரும்புத் துண்டு விழுந்த வெல்டிங் தடம் இருக்கிறதா, குழாயில் கல்லடிபட்ட பள்ளம் இருக்கிறதா பாருங்கள். குழாயின் நடுவில் டயல் கேஜ் வைத்துச் சுழற்றினால் முள்ளின் ஆட்டம் 0.25 மி.மீ.க்குள் நிற்பது நல்லது. உங்கள் வண்டியின் கையேடு தரும் எல்லையே இறுதி.

ஆனால் ஒன்று. பேலன்ஸ் கெட்ட ஷாஃப்ட் நாளடைவில் ரப்பரையும் பிய்த்துவிடும். இரண்டும் ஒன்றாக இருந்தால் இரண்டையும் சரிசெய்தாக வேண்டும்.

அறிகுறி 5: மெதுவாகப் போகும்போது ‘கீச் கீச்’

கிரீஸ் இல்லாத கிராஸ், அல்லது நெளிந்துபோன தகட்டு வளையம் பிராக்கெட்டில் உரசுவது. பிராக்கெட்டின் உள் ஓரத்தில் பளபளவென்று வட்டக் கோடு இருந்தால் இரண்டாவது. ஷாஃப்ட் ரப்பரோடு சேர்ந்து கீழே இறங்கியிருந்தாலும் இப்படி உரசும்.

கண்ணாலும் லீவராலும் ரப்பரைச் சோதிப்பது

நல்ல நிலையில் பேரிங் பிராக்கெட்டின் நடுவில் நிற்கும். மேல் பக்கம் இடைவெளி அகன்று கீழ் பக்கம் ரப்பர் நசுங்கியிருந்தால் தொய்ந்துவிட்டது. பேரிங்குக்கு அருகே, குழாயின் அடியில் லீவரை வைத்து அளவாக நெம்புங்கள். ரப்பர் சற்று விட்டுக்கொடுத்து, விட்டதும் ஸ்பிரிங் போலத் திரும்ப வேண்டும். சில மாடல்களில் ரப்பர் வளையத்தில் வேண்டுமென்றே பிளவு விட்டிருப்பார்கள். ஓரம் மழமழவென்று அச்சில் வார்த்தது போல இருந்தால் அது வடிவமைப்பு. பிசிறு தெரிந்தால் கிழிசல். இதைத் தெரியாமல் நல்ல ரப்பரைக் கழற்றியவர்களும் இருக்கிறார்கள்.

பிராக்கெட்டுக்குக் கீழே கறுப்புப் பொடி, சுற்றுமுற்றும் தெறித்த கிரீஸ், பக்கத்துக் குழாயிலோ காற்று டேங்கிலோ உரசல் தடம் ஆகிய மூன்றில் எது தெரிந்தாலும் வண்டியை அதற்கு மேல் ஓட்டக் கூடாது.

கழற்றிய ரப்பர் என்ன சொல்கிறது

உள் வளையம் வெளி வளையத்தை விட்டு முன்னோக்கியோ பின்னோக்கியோ நகர்ந்து, ரப்பர் நீளவாக்கில் இழுபட்டுக் கிழிந்திருந்தால் ஸ்லிப் ஜாயிண்ட் இறுகிவிட்டது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின் ஆக்சில் மேலும் கீழும் போகும். ஷாஃப்டின் நீளம் அதற்கேற்ப நீண்டு சுருங்கியாக வேண்டும். பற்களில் கிரீஸ் காய்ந்தோ துருப்பிடித்தோ ஒட்டிக்கொண்டால் அந்தத் தள்ளல் முழுவதும் சென்டர் ரப்பரின் தலையில் விழும். புதிய ரப்பர் போட்டாலும் இதே கதிதான். ஜாயிண்டைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் அடித்துக் கையால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். போகாவிட்டால் ஜாயிண்டை மாற்றுங்கள்.

ரப்பர் உப்பி, பிசுபிசுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் ஆயில் பட்டிருக்கிறது. கியர்பாக்ஸின் பின் ஆயில் சீல் ஒழுகி, அந்த ஆயில் ஷாஃப்ட் குழாயின் வழியாகத் தெறித்து வந்திருக்கும். சீலை விட்டுவிட்டு ரப்பரை மட்டும் மாற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புவதுதான்.

இறுகி, மேற்பரப்பெங்கும் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால் வெறும் வயது. மகிழ்ச்சியான செய்தி, வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

சுற்றிலும் சமமாக அரைபட்டு, பிராக்கெட்டின் உட்புறம் பளபளத்தால் பேலன்ஸ், வளைந்த குழாய், கிராஸ் ஆட்டம் ஆகியவற்றில் ஒன்று. ரப்பரின் உள்பக்கம் கருகி, பேரிங் நீலம் பாரித்திருந்தால் பேரிங்தான் முதலில் இறுகியிருக்கிறது. ரப்பர் பின்னால் வெந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் புது ரப்பர் குறுகிய காலத்தில், அதுவும் சுமை ஏற்றும் வண்டியில், திரும்பத் திரும்பப் போகிறதா? கோணத்தை அளக்க வேண்டிய நேரம் அது. லீஃப் ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை சேர்த்துப் பின்பக்கத்தை உயர்த்தியது, சேசிஸை நீட்டி சென்டர் பேரிங்கை இடம் மாற்றியது, இன்ஜின் மவுண்டிங் நசுங்கி கியர்பாக்ஸின் வால் இறங்கியது போன்றவை காரணமாக இருக்கும்.

கோணம் அளக்கச் சாய்வுமானி போதும். வண்டி சமதளத்தில், சக்கரங்கள் தரையில், வழக்கமான சுமையோடு இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் வெளியீட்டு ஃபிளாஞ்ச், முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட், பினியன் ஃபிளாஞ்ச் ஆகிய நான்கின் சாய்வையும் எழுதுங்கள். அடுத்தடுத்த இரண்டின் வித்தியாசம்தான் அந்த ஜாயிண்ட் வேலை செய்யும் கோணம். எல்லாம் பின்னோக்கிக் கீழே சாய்ந்திருக்க, கியர்பாக்ஸ் 4, முன் ஷாஃப்ட் 3, பின் ஷாஃப்ட் 6, பினியன் 3.5 டிகிரி என்று வந்தால் ஜாயிண்ட் கோணங்கள் 1, 3, 2.5. முன் ஜாயிண்ட் 1 முதல் 1.5 டிகிரிக்குள் இருப்பதும், பின்னால் உள்ள இரண்டும் ஒன்றுக்கொன்று 1 டிகிரிக்கு மேல் வேறுபடாமல் இருப்பதும் நல்லது. கோணம் சுழியமாகவும் இருக்கக் கூடாது. ஊசிகள் உருளாமல் ஒரே இடத்தில் நின்று பள்ளம் விழவைத்துவிடும். குறைந்தது அரை டிகிரி வேண்டும்.

புதிய பாகம் வாங்கும்போது

பழையதைக் கையில் எடுத்துப் போங்கள். ஒப்பிட வேண்டியவை: பேரிங்கின் உள் விட்டம், அகலம், பிராக்கெட்டின் இரு போல்ட் துளைகளுக்கு இடையே மையத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம், போல்ட் உட்காரும் தளத்திலிருந்து பேரிங் மையம் வரை உயரம். கடைசி அளவைத்தான் பலரும் பார்ப்பதில்லை. 1,200 மி.மீ. முன் ஷாஃப்டும் 1,500 மி.மீ. பின் ஷாஃப்டும் உள்ள வண்டியில் மையம் 10 மி.மீ. இறங்கினால் நடு ஜாயிண்டின் கோணம் கிட்டத்தட்ட 0.9 டிகிரி மாறிவிடும்.

பேரிங்கைத் தனியாக வாங்கினால் அதன் எண்ணைப் படிக்கத் தெரிந்திருப்பது உதவும். இந்த வகை எண்களில் கடைசி இரண்டு இலக்கம் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால் 5 ஆல் பெருக்க, உள் விட்டம் மி.மீ.யில் வரும். 6212 என்றால் 60 மி.மீ. உள் விட்டம், வெளி விட்டம் 110, அகலம் 22. பின்னால் ‘2ஆர்எஸ்’ என்றிருந்தால் இருபக்கமும் ரப்பர் சீல் வைத்தது. ‘சி3’ என்றால் உள் இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல். பழையதில் சி3 இருந்தால் புதியதிலும் அதையே கேளுங்கள்.

கெட்டியான ரப்பர் நீண்ட நாள் உழைக்கும் என்று சொல்லித் தருவதை வாங்காதீர்கள். கெட்டி ரப்பர் கிழியாது, உண்மைதான். அதிர்வை அப்படியே சேசிஸுக்கு அனுப்பும். பிறகு குறுக்குச் சட்டத்தின் ரிவெட் தளரும். முடிந்தவரை பேரிங், ரப்பர், பிராக்கெட் சேர்ந்த முழுத் தொகுதியாகவே போடுவது மேல்.

கழற்றுதல்

ஸ்பேனரை எடுக்கும் முன் பெயிண்ட் அல்லது சென்டர் பஞ்ச். கியர்பாக்ஸ் ஃபிளாஞ்சும் முன் ஷாஃப்டும், சென்டர் ஃபிளாஞ்சும் பின் ஷாஃப்டும், ஸ்லிப் ஜாயிண்டின் இரு பாதிகளும், பினியன் ஃபிளாஞ்சும் ஷாஃப்டும் என ஒவ்வொரு இணைப்பிலும் நேருக்கு நேர் குறி போடுங்கள். சாக்பீஸ் வேண்டாம், கிரீஸ் பட்டால் போய்விடும். ஒரு ஷாஃப்டின் இரு முனை யோக்குகளும் (கிராஸைப் பிடிக்கும் கவைகள்) ஒன்றுக்கொன்று எந்த நிலையில் நிற்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் தீர்மானித்தது. ஒரு பல் மாறினாலும் புது அதிர்வு பிறக்கும்.

பின் ஷாஃப்டைப் பெல்ட் அல்லது ஜாக்கியால் தாங்கிக்கொண்டு, பினியன் பக்கப் போல்ட்டுகளை எடுத்து, ஸ்லிப் ஜாயிண்டைச் சுருக்கி இறக்குங்கள். கிராஸின் கப் வெளியே தெரியும் வகையானால் டேப் சுற்றிவிடுங்கள். ஒரு கப் விழுந்தால் ஊசிகளைப் பொறுக்குவதிலேயே பொழுது போய்விடும். பிறகு சென்டர் ஃபிளாஞ்ச் போல்ட்டுகள். ஷாஃப்டை ஒரு முனையில் தொங்கவிடக் கூடாது. அந்த எடையில் மறு முனைக் கிராஸ் கெடும். இது இரண்டு பேர் வேலை.

பிராக்கெட் போல்ட்டுகளைக் கழற்றும்போது குறுக்குச் சட்டத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே தகடு வைத்திருக்கிறார்களா பாருங்கள். இருந்தால் எத்தனை, எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம் என்று எழுதிக்கொள்ளுங்கள். பிராக்கெட்டின் எந்த முகம் முன்னோக்கி இருந்தது என்பதையும் குறியுங்கள். பல பிராக்கெட்டுகள் இருபுறமும் ஒன்று போலத் தெரிந்தாலும் மையம் சற்று விலகியிருக்கும்.

முன் ஷாஃப்டை இறக்கி பெஞ்சில் கட்டியபின் சென்டர் நட். பூட்டு எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும்: நட்டின் குறுக்கே பூட்டு ஊசி (ஸ்பிலிட் பின்) இருந்தால் எடுங்கள், நட்டின் உதடு பள்ளத்தில் அடித்து மடக்கியிருந்தால் உளியால் நிமிர்த்துங்கள். ஃபிளாஞ்ச் கையால் வராவிட்டால் புல்லர் போடுங்கள். சுத்தியலால் அடித்தால் ஃபிளாஞ்சின் முகம் கோணும். பிறகு எந்தப் பேலன்ஸ் கடையாலும் அந்த அதிர்வைச் சரிசெய்ய முடியாது.

பேரிங்கும் புல்லரில்தான் வர வேண்டும். வெளி வளையம் பிய்ந்து வந்து உள் வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டால், கிரைண்டரால் அதன் தடிமனில் முக்கால் பங்கு வரை சாய்வாக வெட்டி, உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் விரிசல் விட்டுக் கழன்றுவிடும். முழுக்க வெட்டினால் ஷாஃப்டில் வெட்டு விழும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது வேண்டாம். பேரிங் உட்காரும் இடத்தின் இரும்பு குணம் மாறிவிடும்.

பேரிங் உட்காரும் இடம்

சுத்தம் செய்து, நைஸ் எமரி தாளால் துருவை மட்டும் எடுத்து, மைக்ரோமீட்டரால் இரண்டு மூன்று இடத்தில் அளவெடுங்கள். புது பேரிங் லேசான இறுக்கத்தோடுதான் ஏற வேண்டும். கையால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனால் பழைய உள் வளையம் ஷாஃப்டில் சுழன்று தேய்த்திருக்கிறது. அந்த இடத்தில் பஞ்சால் சுற்றிலும் புள்ளி குத்தி இறுக்கமாக்கும் வழக்கம் உண்டு. அந்தப் புள்ளிகளின் நுனி மட்டும்தான் பேரிங்கைத் தாங்கும். சீக்கிரத்தில் நசுங்கி மறுபடி தளரும். முன் ஷாஃப்டின் அந்த முனைத் துண்டை மாற்றிப் பேலன்ஸ் செய்வதே தீர்வு.

மாட்டுதல்

முதலில் முன் பக்கத் தகட்டு வளையம். ரப்பரும் பேரிங்கும் தனித்தனியாக வந்திருந்தால் பேரிங்கை ரப்பருக்குள் நுழைக்கச் சோப்புத் தண்ணீர் போதும்; கிரீஸோ ஆயிலோ தடவினால் புது ரப்பரை முதல் நாளே கெடுத்ததாகும். பேரிங்கை ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தில் மட்டும் அழுத்தம் விழும்படி, அதன் அளவுக்கேற்ற குழாய்த் துண்டை வைத்து அழுத்துங்கள். வெளி வளையத்தில் தட்டினால் குண்டுகள் பாதையில் பள்ளம் போட்டுவிடும். ஊளைச் சத்தம் முதல் ஓட்டத்திலேயே கேட்கும். சீல் வைத்த பேரிங்கை ஆயிலில் போட்டுச் சூடாக்கக் கூடாது.

பேரிங்குக்கும் தகட்டு வளையங்களுக்கும் நடுவே உள்ள இடத்தில், தண்ணீருக்குக் கரையாத கிரீஸை நிரப்பிவிடுங்கள். இது பேரிங்குக்கான உணவு அல்ல, சேற்றைத் தடுக்கும் மதில். பின் பக்க வளையம், குறிக்கு நேராக ஃபிளாஞ்ச், புதிய நட். இந்த நட்டின் இறுக்கம் வண்டிக்கு வண்டி பெரிதும் மாறும் என்பதால் கையேட்டு அளவைப் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்கிப் பூட்டுங்கள். ஏர் கன் போட்டு ‘போதும்’ என்று விடும் இடமல்ல இது.

முன் ஷாஃப்டை ஏற்றி, கியர்பாக்ஸ் பக்கம் இறுக்குங்கள். பிராக்கெட் போல்ட்டுகளை மட்டும், தகடுகளைப் பழைய இடத்தில் வைத்து, கையால் திருகும் அளவோடு விட்டுவிடுங்கள். பின் ஷாஃப்டைக் குறிக்கு நேராக மாட்டி ஃபிளாஞ்ச் போல்ட்டுகளை இறுக்குங்கள். ஃபிளாஞ்ச் முகங்களில் பெயிண்டோ மணலோ இருக்கக் கூடாது. போல்ட் அதே தரத்தில் இருக்க வேண்டும், சுயமாகப் பூட்டும் நட்டைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம்.

இப்போது சக்கரங்களைத் தரையில் இறக்கி ஆக்சிலின் மேல் எடை வந்தபின், வண்டியை ஓரிரு சக்கரச் சுற்று முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி, மறுபடி கட்டை வையுங்கள். பிராக்கெட் தானே தன் இடத்தைத் தேடிக்கொள்ளும். ரப்பர் முன் பின்னாக இழுபடாமல், பிராக்கெட் ஷாஃப்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று இருபுறமும் பார்த்துவிட்டு, அதன் பிறகே பிராக்கெட் போல்ட்டுகளை முழுதும் இறுக்குங்கள். தூக்கிவைத்த நிலையிலேயே இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் பிறந்த நாளிலிருந்தே முறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்லிப் ஜாயிண்ட் முழுதும் மூடியோ முழுதும் நீண்டோ நிற்கவில்லை என்பதையும் இந்த நிலையில்தான் சரிபார்க்க வேண்டும். கடைசியாக, எல்லா நிப்பிளிலும் கிரீஸ். ஒவ்வொரு கிராஸிலும் நான்கு கப்பின் சீல் வழியாகவும் புதுக் கிரீஸ் பிதுங்க வேண்டும். ஒன்றில் வராவிட்டால் அந்தக் கப் வறண்டே ஓடும்.

முதல் சுமை ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லாப் போல்ட்டுகளையும் ஒரு முறை இறுக்கிப் பாருங்கள், பேரிங் பகுதியைத் தொட்டும் பாருங்கள். கைவைக்க முடியாத சூடு என்றால் பேரிங் பக்கவாட்டில் அழுத்தப்படுகிறது.

மாற்றிய பிறகு முன்பு இல்லாத கோளாறு

முன்பு இல்லாத அதிர்வு இப்போது எல்லா வேகத்திலும் வந்தால் ஸ்லிப் ஜாயிண்டின் குறி தவறியிருக்கிறது. எடுக்கும்போது உதறல் குறையாமல் அப்படியே இருந்தால் தகட்டை விட்டுவிட்டீர்களா, பிராக்கெட்டைத் திருப்பிப் போட்டீர்களா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் கோணம். காலியாக ஓடும்போது உதறி, சுமையோடு சரியானால், அல்லது நேர்மாறாக இருந்தால், அதுவும் கோணம்தான்: பட்டையைப் பாருங்கள். மூன்று துண்டு ஷாஃப்ட் உள்ள நீண்ட வண்டிகளில் சென்டர் பேரிங் இரண்டு. ஒன்றை மாற்றியும் உதறல் பாதிதான் குறைந்தது என்றால் இரண்டாவதைப் பார்க்காமல் விட்டிருப்பீர்கள்.

வழியில் ரப்பர் முழுதும் போய்விட்டால்

பேரிங்கைச் சுற்றி டயர் டியூப் துண்டுகளை அடைத்து ஓட்டுவதுண்டு. மையம் சரியாக நிற்காது. சுமையை இறக்கி, நடக்கும் வேகத்தில், பாதுகாப்பான ஓரம் வரை போக மட்டுமே அது ஆகும். வேகமாக ஓட்டினால் சாட்டையாக ஆடும் ஷாஃப்ட் பிரேக் குழாயையும் டீசல் டேங்கையும் அடிக்கும். இழுத்துச் செல்வதானால் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு இழுங்கள். மாட்டியபடியே பின் சக்கரங்கள் உருள இழுத்தால் ரப்பர் போன ஷாஃப்ட் ஆடிக்கொண்டே வரும். அதோடு, பெரும்பாலான கியர்பாக்ஸ்களில் இன்ஜின் ஓடாதபோது ஆயில் மேலே ஏறாது, உள் பேரிங்குகள் வறண்டு வெந்துவிடும். ஷாஃப்ட் இல்லாத அந்த வண்டியை நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் கட்டை வைக்க ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும்.